முப்பத்தெட்டு முனகல்கள்

ஒக்டோபர் 15, திங்கள்

கூடத்திலும் நடைவழியிலும் கிடக்கும் பழைய கம்பளத்தை அகற்றி, அவ்விடத்தில் மரத்தளம் இடுவதென்று இன்று காலை முடிவாயிற்று. முடிவெடுத்தவள் நான். மறுத்துரைத்தவர்கள் மூவர்: வான்கூவரில் இருக்கும் என் மகள் நளாயினி, தளம் இடும் தொழில் செய்யும் குலேந்திரன், என் கணவர் கனகசூரியர். மூவரின் மறுப்பும் ஆதாரமற்றது என்பதால் இங்கே பதியவில்லை.

காரணத்தை மட்டும் பதிகிறேன். இம்மாதம் இரண்டாம் திகதி அவர் விழுந்தார். இடது மணிக்கட்டு பிசகியது. வைத்தியசாலையில் கேட்டவர்களிடம், கம்பளத்தின் கிழிந்த விளிம்பில் கால் தடுக்கியது என்று கூறினேன். மகளிடம் கூறியதும் அதுவே. அவள் தொலைபேசியில், "நிலத்திலையோ அம்மா பிழை?" என்று கேட்டாள். பிறகு என்னைக் கேளாமலே எங்கோ விண்ணப்பித்து, டிசம்பர் ஆறாம் திகதி ஒரு மதிப்பீட்டாளர் இங்கு வருவதற்கு ஏற்பாடு செய்துவிட்டாள். அப்பெண்மணி வீட்டைப் பார்வையிடுவாராம். என் கணவர் இவ்வீட்டிலேயே இருக்கலாமா, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட வேண்டுமா என்று எழுதுவாராம்.

நாற்பத்தொரு ஆண்டுகள் கூட வாழ்ந்தவளை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் பார்ப்பவர் எழுதுவாராம். எழுதட்டும். குறை கூற ஒரு தரை அவருக்கு இங்கே கிடைக்காது.

ஒக்டோபர் 17, புதன்

குலேந்திரன் அளவெடுக்க வந்தார். ஐம்பது வயதாகியும் எதையும் அவசரமாகச் செய்து முடிக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"அக்கா, கார்ப்பெற்றைக் கிளப்பினால் கீழை பலகை இருக்கும். அதுக்கு மேலை நேரை அடிச்சிட்டுப் போறன். ரெண்டு நாள் வேலை."

"கீழை இருக்கிற பலகை என்ன நிலையிலை இருக்கெண்டு பாக்காமலோ?"

"அறுவது வருச வீடு. கத்தத்தான் செய்யும். என்ரை வீட்டிலையும் கத்துது. மனுசி எழும்பிக் குசினிக்குப் போறது கட்டிலிலை கிடந்தே எனக்குத் தெரியும். நாய் வளக்கத் தேவையில்லை."

இதைச் சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடித்தளத்தை நான் செப்பனிடுவேன், மேல்தளத்தை மட்டும் நீர் அடியும் என்று கூறிவிட்டேன்.

"நீங்களோ? இந்த வயசிலை முழங்காலிலை நிண்டோ?"

"முழங்கால் என்ரை."

"அக்கா, நீங்கள் நிலத்தோடை வழக்காடப் போறியள்."

பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், தமிழ் இலக்கணத்தைத் தமையனின் புத்தகங்களிலிருந்தும் ஆங்கிலத்தை இந்நகரத்து நூலகத்திலிருந்தும் ஒருவர் துணையுமின்றிக் கற்றவள், ஒரு தரையைக் கற்க முடியாதா? நூலகத்திலிருந்து தச்சுவேலை பற்றிய நூல்கள் இரண்டை இரவல் பெற்று வந்துவிட்டேன்.

குலேந்திரன் புறப்பட்டதும் என் கணவர், "ஆர் உந்தப் பொடியன்?" என்று கேட்டார். பதினைந்து தீபாவளிக்கு இவ்வீட்டில் உண்டவர் குலேந்திரன். என் கணவருக்கு எப்போதும் நகைச்சுவை உணர்வு சற்று அதிகம்.

ஒக்டோபர் 20, சனி

கம்பளம் வெளியேறியது. எளிதில் வெளியேறவில்லை. சுவரோரம் நெடுகிலும் முள் பதித்த மரப்பட்டிகளில் அதை மாட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பெயர்த்தபோது மூன்று விரல்களில் குருதி. அடியில் விரித்திருந்த பஞ்சுத்தாள் மக்கி, தொட்ட இடமெல்லாம் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. என் தலைமுடி இரண்டு முறை கழுவியும் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது.

கம்பளத்தைத் துண்டு துண்டாக அறுத்து, சுருட்டி, கயிறு கட்டி வாசலில் அடுக்கினேன். என் கணவர் ஒவ்வொரு சுருளையும் ஒற்றைக் கையால் இழுத்துத் திரும்பவும் உள்ளே கொண்டுவந்தார்.

"மழை வரப்போகுது. நனையப் போகுதப்பா."

"நனையட்டும். எறியிறதுக்குத்தான் வச்சது."

"ஓ. அப்ப சரி."

கால் மணி நேரத்தில் முதற்சுருள் மீண்டும் கூடத்தின் நடுவே. மூன்று முறை இது நடந்தது. மூன்றாம் முறை நான் உரைத்தவை எழுதத் தக்கவை அல்ல. பிடிவாதம் இவருடைய குடும்பத்துச் சொத்து.

கம்பளத்துக்கு அடியில், நான்கு விரற்கட்டை அகலப் பலகைகள் சுவருக்குச் சுவர் மூலைவாட்டாக அடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, தளத்தைத் தாங்கும் குறுக்கு மரங்களான தீராந்திகள். ஆணிகள் தளர்ந்து, பலகைகள் தீராந்திகளிலிருந்து சற்றே எழும்பியிருக்கின்றன. மிதிக்கும் போதெல்லாம் ஆணியும் பலகையும் உரசி முனகுவது இதனால்தான் என்று நூல் கூறுகிறது. குலேந்திரன் இதன் மேல் "நேரை" அடித்திருப்பார்.

ஒக்டோபர் 22, திங்கள்

பஞ்சுத்தாளைப் பிடித்திருந்த கம்பிக் கவ்விகள் பலகைகளெங்கும் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று எஞ்சினாலும் புதிய மரம் படியாது. ஒவ்வொன்றையும் குறட்டால் பிடுங்க வேண்டும்.

என் கணவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். நீல நிறப் பிஸ்கற் தகரப்பேணி ஒன்றைக் கையில் கொடுத்து, நான் பிடுங்கிப் போடும் கவ்விகளைப் பொறுக்கச் சொன்னேன். அவர் ஒன்று விடாமல் பொறுக்கினார். நான் தவறவிட்ட இடங்களைக் கூடச் சுட்டிக்காட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகள் பாண் சுடும் தொழிற்சாலையில் பிற்பகல் வேலைக்குப் போய் ஒரு நாளேனும் பிந்தாத மனிதர். இப்படிப்பட்டவரையா ஒருவர் வந்து மதிப்பிட வேண்டும்?

ஒக்டோபர் 23, செவ்வாய்

பேணியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். எந்தப் பேணி என்றார். குளிர்சாதனப் பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒக்டோபர் 26, வெள்ளி

இன்று முனகல்களை எண்ணினேன். கூடத்திலும் நடைவழியிலும் அடியடியாக நடந்து, பலகை முனகும் இடத்தில் எல்லாம் வெண்கட்டியால் வட்டமிட்டு எண் இட்டேன். தாளில் வரைபடமும் வரைந்தேன். மொத்தம் முப்பத்தெட்டு. பதினேழாம் எண் எங்கள் படுக்கையறை வாசலில் இருக்கிறது. பத்தொன்பது நடைவழியின் நடுவில். இருபத்திரண்டு குளியலறைக்கு முன்னால். முப்பத்தொன்று தெருக்கதவருகே, எல்லாவற்றிலும் உரத்தது அதுதான். இவ்வளவு காலம் கம்பளம் இவர்களுக்கு உடந்தையாக இருந்து வாயை மூடி வைத்திருக்கிறது, முற்றாக மூடவும் தெரியாமல்.

ஒக்டோபர் 28, ஞாயிறு

நிலவறையில் துணி தோய்த்துக்கொண்டிருந்தேன். மேலே பதினேழு. பிறகு பத்தொன்பது. பிறகு இருபத்திரண்டு. குளியலறை. தண்ணீர் ஓடும் ஓசை. மீண்டும் இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினேழு. அறைக்குத் திரும்பிவிட்டார். நான் விட்ட இடத்திலிருந்து துணியைத் தோய்த்தேன்.

ஒரு மனிதர் சிறுநீர் கழிக்கப் போவதைக்கூட ஊருக்கு அறிவிக்கும் தரை. இதனோடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒக்டோபர் 31, புதன்

பலகையைத் தீராந்தியோடு இறுக்கிப் பிணைக்கத் திருகாணிகள் வேண்டும். கடையில் இருந்த இளைஞன் கறுப்புத் திருகாணிகளை எடுத்துத் தந்தான். வீட்டில் துளைப்பொறியால் இறுக்கும் போது பத்தில் நான்கின் தலை முறிந்து பறந்தது. முறிந்த தண்டு பலகைக்குள். அதை எடுக்க வழியில்லை.

நூலைத் திறந்து பார்த்தேன். சுவர்த் தகடுகளுக்கான கறுப்புத் திருகாணிகளைத் தரைக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. நான் அறுபதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். இவ்வளவு முக்கியமான செய்தியை அறுபத்து மூன்றாம் பக்கம் வரை ஒளித்து வைத்த ஆசிரியரை என்ன சொல்வது?

நவம்பர் 3, சனி

இப்போது தடித்த, மஞ்சள் நிறத் திருகாணிகள். இரண்டரை அங்குலம். பதினாறு அங்குலத்துக்கொரு தீராந்தி. பழைய ஆணித் தலைகளின் வரிசையைப் பார்த்துத் தீராந்தி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறேன். இன்றைக்கு ஒன்பது முனகல்கள் ஒழிந்தன.

மாலையில் நளாயினி அழைத்தாள்.

"அம்மா, கதவுக்கு ஒரு மணி போடுவமே? திறந்தால் அடிக்கும். சின்னச் சாமான்தான். நான் ஓடர் பண்ணிவிடுறன்."

"என்ரை வீடு கடையில்லை, ஆள் வரப்போக மணியடிக்க."

"அப்பா வெளியிலை போனால்?"

"ஏன் போறார்? எங்கை போறார்? அவர் விழுந்தது கார்ப்பெற்றாலை. கார்ப்பெற் இப்ப இல்லை."

"அம்மா, போன கிழமை அப்பா என்னோடை கதைக்கேக்கை மூண்டு தரம் கேட்டவர், எனக்குச் சோதினை எப்ப எண்டு. எனக்கு முப்பத்தாறு வயசு."

"கலியாணமாகாத பிள்ளையை எல்லாத் தேப்பனும் சின்னப்பிள்ளையாத்தான் பாப்பினம்."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். பெற்றவளிடம் பேசும் முறையா இது?

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. குலேந்திரன் பலகாரத்தோடு வந்தார். என் கணவர் அவரை நேராகப் பார்த்து, "உமக்கு எந்த ஷிப்ற்?" என்று கேட்டார்.

குலேந்திரன் சிறிதும் தயங்காமல், "பின்னேர ஷிப்ற் அண்ணை. மூண்டு மணிக்கு" என்றார்.

"நானும் அதுதான். பஸ்ஸிலையோ வாறனீர்?"

"ஓமண்ணை, பஸ்ஸிலைதான்."

வாசலில் வைத்துக் குலேந்திரனைக் கண்டித்தேன். அவருடைய விளையாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்றேன். குலேந்திரன், "விளையாட்டோ அக்கா?" என்றார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். இப்போது எல்லாருக்கும் என்னை நடுப்பேச்சில் விட்டுவிட்டுப் போகும் நோய் பிடித்திருக்கிறது.

நவம்பர் 10, சனி

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். முனகல் மட்டுமன்று, கூடத்தின் நடுவே ஒரு பள்ளமும் இருக்கிறது. கால் அங்குல ஆழம். அதைச் சுற்றிலும் பலகை விளிம்புகள் மேடு தட்டியிருக்கின்றன. மேடுகளை வாடகைக்கு எடுத்த தேய்பொறியால் தேய்த்தேன். வீடெல்லாம் மரத்தூள். பள்ளத்தில் தார்க்காகிதத்தைப் படிப்படியாக வெட்டி அடுக்கி நிரவினேன். பெரிய துண்டு, அதன் மேல் சிறியது, அதன் மேல் மிகச் சிறியது.

அடுக்கி நிமிர்ந்தால், என் கணவர் மறுபக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். "கடுதாசி நிலத்திலை கிடக்குதப்பா" என்றார். அவற்றை அவரிடமிருந்து வாங்கி விரித்தேன். பிறகு மீண்டும் அடுக்கினேன்.

நவம்பர் 13, செவ்வாய்

முடிந்தது.

முப்பத்தெட்டும் ஒழிந்தன. சுவருக்குச் சுவர் நடந்து பார்த்தேன். குதித்தும் பார்த்தேன். ஒரு சிறு ஓசையும் இல்லை. நானூற்றுக்கு மேற்பட்ட திருகாணிகள்; இரண்டு கையுறைகள்; ஒரு முழங்கால், அதைப் பற்றி எழுதப்போவதில்லை. வீடு இப்போது நூலகத்தைப் போல அமைதியாக இருக்கிறது. வரைபடத்தில் முப்பத்தெட்டு எண்களையும் ஒவ்வொன்றாகக் குறுக்குக் கோடிட்டு அடித்த போது எனக்கு உண்டான நிறைவை மறைக்க நான் விரும்பவில்லை.

மாலையில் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். திரும்பினால் என் கணவர் என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார். வந்த சுவடே தெரியவில்லை. கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது. இப்படித் திருடனைப் போல வருவதா என்று கடிந்துகொண்டேன். "நான் நடந்துதானே வந்தனான்" என்றார் பாவமாக.

நவம்பர் 15, வியாழன்

முதற்பனி பெய்தது. இன்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 16, வெள்ளி

நேற்றுப் பிற்பகல் என் கணவர் சிறிது உலாவச் சென்றார். புதிய மரத்தை ஏற்றிக்கொண்டு வந்த குலேந்திரன் வழியில் அவரைக் கண்டு தம் வாகனத்தில் அழைத்து வந்தார்.

மரப்பெட்டிகள் இருபத்தாறு. கூடத்தின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டுள்ளன. வீட்டின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மரம் பழகிய பின்னரே அடிக்க வேண்டும். ஈரமானி நூற்றுக்குப் பத்து வீதம் காட்டுகிறது. இன்னும் இறங்க வேண்டும்.

நவம்பர் 18, ஞாயிறு

முன்னைய பதிவு முறையாக எழுதப்படவில்லை. முறையாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவர் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். நான் நிலவறைக்குப் போய், மரத்தூள் படிந்த துணிகளைத் தோய்த்தேன். மேலே ஓர் ஓசையும் இல்லை. அந்த அமைதியை நான் சுவைத்துக்கொண்டிருந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். பாட்டு முணுமுணுத்தேன். நாற்பது நிமிடங்கள்.

மேலே வந்த போது தெருக்கதவு விரியத் திறந்திருந்தது. பனி உள்ளே வந்து, முப்பத்தொன்றாம் எண்ணிட்ட பலகையின் மேல் படிந்திருந்தது. கட்டிலில் ஆள் இல்லை. குளிர்ச்சப்பாத்து வாசலில் இருந்தது. வீட்டுச்செருப்பு மட்டும் இல்லை.

நான் பூங்காவை நோக்கி ஓடினேன். அவர் பூங்காவுக்குப் போகவில்லை. அவர் எங்கே போவார் என்பதை இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த நான் அறிந்திருக்க வேண்டும். குலேந்திரன் அறிந்திருந்தார். நான் வெறுங்கையோடு திரும்பிய போது அவருடைய வாகனம் வாசலில் நின்றது.

"பஸ் ஸ்ரொப்பிலை நிண்டவர் அக்கா. தலையெல்லாம் பனி. 'ஏறுங்கோ அண்ணை' எண்டன். 'இல்லைத் தம்பி, மூண்டு மணி ஷிப்ற், பஸ் இப்ப வரும்' எண்டார். 'நானும் அங்கைதான் போறன்' எண்டு சொன்ன பிறகுதான் ஏறினவர்."

"கையிலை என்ன வச்சிருக்கிறார்?"

"அதை விடுறாரில்லை. 'என்னண்ணை உது' எண்டு கேட்டன். 'தவம் கட்டித் தந்த சாப்பாடு' எண்டார்."

நீலப் பேணி. உள்ளே கம்பிக் கவ்விகள்.

என் பெயர் தவமலர். தவம் என்று என்னை அழைப்பவர் இவ்வுலகில் அவர் ஒருவரே. அப்பெயர் அவர் நாவில் இருந்தது. என் பெயர் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓய்வு பெற்றது இருக்கவில்லை.

கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் தேய்த்தேன். இரண்டு விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு சிவந்தன. "பிந்திப் போச்சு, சுப்பவைசர் பேசப் போறான்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். குலேந்திரன் வாசலில் நின்றுகொண்டு, "நான் சொல்லிப்போட்டன் அண்ணை, இண்டைக்கு நீங்கள் லீவு" என்றார். அவர் உடனே அமைதியானார். அவ்வளவு நேரமும் நான் சொல்ல நினைத்தும் எனக்கு வராத சொல் அது.

இன்னொன்றையும் முறையாக எழுதிவிடுகிறேன். ஒக்டோபர் இரண்டாம் திகதி அவர் கம்பளத்தில் தடுக்கி விழவில்லை. அவர் விழுந்தது அடுப்படியில். அங்கே கம்பளம் கிடையாது. சமதரை, ஒரு கீறலும் இல்லாத சமதரை. அடுப்படிக்கு எதற்காக வந்தோம் என்பது நினைவில்லாமல், திரும்பத் திரும்பச் சுற்றி, தலை கிறுகிறுத்து விழுந்தார். அவரே அப்போது அப்படித்தான் சொன்னார். நான்தான் கம்பளம் என்றேன். கம்பளத்தை அகற்றலாம்.

இதற்குப் பெயர் பிடிவாதம் அன்று. நகைச்சுவையும் அன்று. மறதி. எழுதிவிட்டேன்.

நவம்பர் 20, செவ்வாய்

காலையில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிந்தித்தேன். பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு, முப்பத்தொன்று. இந்நான்கையும் மீட்பதென்று தீர்மானித்தேன். படுக்கையறை வாசலும் நடைவழியும் அவர் எழுந்ததைச் சொல்லும். இருபத்திரண்டு குளியலறை என்று சொல்லும். இருபத்திரண்டு ஒலிக்காமல் முப்பத்தொன்று ஒலித்தால் நான் ஓட வேண்டும்.

நான்கு இடத்திலும் திருகாணிகளைக் கழற்றினேன். பதினேழில் ஏறி நின்றேன்.

ஒன்றுமில்லை.

குதித்தேன். ஒன்றுமில்லை. அறுபது ஆண்டுகள் கேளாமலே கத்திய பலகை, இப்போது கேட்டால் வாய் திறக்க மறுக்கிறது. நூலில் முனகலை ஒழிக்கும் வழிகள் பதினொரு பக்கங்களுக்கு இருக்கின்றன. உண்டாக்கும் வழி ஒரு வரிகூட இல்லை. நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 22, வியாழன்

வேறு வழியின்றிக் குலேந்திரனை அழைத்தேன். விடயத்தைச் சொன்னதும் வாயைப் பிளந்தார்.

"சத்தத்தை நிப்பாட்டச் சொல்லித்தான் அக்கா சனம் கூப்பிடும். சத்தம் வைக்கச் சொல்லி நீங்கள்தான் முதல் ஆள்."

"உம்மாலை ஏலுமோ ஏலாதோ?"

"பொறுங்கோ, பொறுங்கோ. வழக்கு முடிஞ்சுது எண்டு நினைச்சன், நீங்கள் அப்பீலுக்குப் போறியள்."

நான் சிரித்தேன். எனக்கே வியப்பாக இருந்தது.

அவர் முழங்காலில் அமர்ந்து, பழைய ஆணிகளை நகமளவு மேலே இழுத்துவிட்டார். பலகைக்கும் தீராந்திக்கும் இடையில் மெல்லிய மரச்சிராய் ஒன்றைச் செருகிப் பலகையைச் சற்றே தூக்கினார். "இப்ப மிதியுங்கோ." மிதித்தேன். கிரீச். எனக்குப் பழக்கமான அதே குரல். மற்ற மூன்றையும் நானே செய்தேன். பார்த்த மாத்திரத்தில் கற்கக்கூடியதுதான்.

நாற்காலியில் இருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "உதை நீர் இன்னும் திருத்தேல்லையே? இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?"

"திருத்தினனான். உது இப்பிடித்தான் இருக்க வேணும்."

"பிழையப்பா. நிலம் கத்தக் கூடாது" என்றார், மிகுந்த பொறுமையோடு.

நவம்பர் 29, வியாழன்

நாளைக்குத் தளம் அடிப்பதாக ஒப்புக்கொண்டிருந்த குலேந்திரன் இன்று அழைத்து, நாளை அட்டமி, மறுநாள் நவமி, எனவே திங்கட்கிழமைதான் முதற்பலகை வைக்கலாம் என்கிறார். மதிப்பீட்டாளர் வருவது வியாழக்கிழமை.

"அட்டமி கனடாவிலையும் இருக்கோ?"

"சந்திரன் ஒண்டுதானே அக்கா."

திங்கட்கிழமைக்கு ஒப்புக்கொண்டேன்.

டிசம்பர் 4, செவ்வாய்

தளம் அடித்தாயிற்று. வெளிறிய ஓக் மரம். பள்ளமில்லை, மேடில்லை. நான்கு இடத்தில் முனகல், புதுமரத்துக்கு அடியிலிருந்து சற்று மங்கலாக. கடைசிப் பலகையை அடித்துவிட்டுக் குலேந்திரன், "ஊருக்குள்ளை என்ரை பேர் கெடப் போகுது" என்றார். யாராவது கேட்டால் நான் அடித்ததாகச் சொல்லும் என்றேன்.

டிசம்பர் 6, வியாழன்

மதிப்பீட்டாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி; சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். தரையை வெகுவாகப் புகழ்ந்தார். தளம் இட்டது யார், அடித்தளம் செய்தது யார் என்று கேட்டறிந்தார். படுக்கையறை வாசலில் பதினேழு ஒலித்தது. "இங்கே மட்டும் விட்டுவிட்டார்களே" என்றார். விடப்படவில்லை, வைக்கப்பட்டது என்றேன்.

பிறகு மேசையருகே அமர்ந்து, என் கணவர் தனியாக வெளியே போனதுண்டா என்று கேட்டார்.

இக்கேள்வி வருமென்று அறிந்து, பதினைந்து சொற்களில் ஓர் ஆங்கில வாக்கியத்தை முன்கூட்டியே அமைத்து, கண்ணாடி முன் பல முறை ஒத்திகை பார்த்திருந்தேன். அப்படி எதுவும் நிகழவில்லை என்பது அதன் பொருள். இலக்கணப் பிழையற்ற வாக்கியம். ஆனால் உரிய நேரத்தில் அது மறந்துவிட்டது. இவ்வீட்டில் மறதி தொற்றும் போலிருக்கிறது. எனவே நடந்ததைச் சொன்னேன்: பனி, செருப்பு, பேணி, அடுப்படி. நான்கு பலகைகளையும் மிதித்துக் காட்டி, எது எதைச் சொல்லும் என்று விளக்கினேன்.

அப்பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டு, இருபத்திரண்டைத் தாமும் ஒரு முறை மிதித்துப் பார்த்தார்.

அவர் எழுதியது: வீட்டிலேயே இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் பகல்நேர நிலையத்துக்குப் போக வேண்டும். கதவுக்கு மணி பொருத்த வேண்டும். ஏப்ரலில் மீண்டும் வந்து பார்ப்பார். ஏப்ரல் வரை என்பது எனக்கு விளங்குகிறது.

நளாயினியை அழைத்துச் சொன்னேன். "நீங்களே சொன்னீங்களோ அம்மா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அழைப்பைத் துண்டிக்கவில்லை. அந்த மணியை அனுப்பிவிடச் சொன்னேன். அதிக ஓசை இல்லாததாக.

டிசம்பர் 12, புதன்

காலை ஆறு நாற்பது. தேநீருக்குத் தண்ணீர் வைக்க எண்ணியும் எழாமல் கிடந்தேன். பக்கத்தில் கட்டில் அசைந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

பதினேழு.

பத்தொன்பது.

இருபத்திரண்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

முப்பத்தொன்று ஒலித்த போது நான் நடைவழியில் இருந்தேன். அவர் குளிர்ச்சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, ஒரு கையில் பேணியோடு கதவுப்பூட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நளாயினியின் மணி இன்னும் தபாலில் வந்து சேரவில்லை.

"இண்டைக்கு லீவு" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"குலேந்திரன் சொன்னவன். சுப்பவைசரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் சொன்னவன்."

அவர் பூட்டிலிருந்து கையை எடுத்தார். பேணியை என்னிடம் நீட்டினார். "அப்ப இதை நாளைக்கு வைச்சுக்கொள்ளும், தவம். பழுதாப் போகாது."

வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். இருவரும் தேநீர் குடித்தோம்.

முப்பத்தொன்று இன்னும் சற்று உரக்கக் கத்த வேண்டும். குலேந்திரனிடம் சொல்ல வேண்டும்.